நான்கு கம்ப்யூட்டருக்கும் காசு கட்ட வேண்டுமா?

கணக்குவழக்கு குறித்த வாசகர் கேள்விகளுக்கு, திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கும் அலுவலகம் நடத்தும் பெண் கணக்காளர் பதில் அளிக்கிறார். ஆஃபீஸ் மென்பொருள் செலவைப் பற்றி வந்த கடிதங்கள் இந்த முறை ஒன்றாகத் தரப்படுகின்றன.

கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் தயாரித்து விற்கிறோம். அலுவலகத்தில் நான்கு கம்ப்யூட்டர்கள். மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் சந்தாவுக்கு வரியோடு சேர்த்து ஆண்டுக்கு முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல் போகிறது. லிப்ரே ஆஃபீஸ் இலவசம், அதற்கு மாறிவிடலாம் என்று என் மகன் சொல்கிறான். இலவசம் என்றாலே எனக்குப் பயம். பழகிய பிறகு பில் நீட்டுவார்களா?
— ஒரு வாசகி, கல்லிடைக்குறிச்சி

பில் வராது அம்மா. லிப்ரே ஆஃபீஸ், மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் போலவே எழுதவும் கணக்குப் போடவும் உதவும் திறந்த மூல மென்பொருள்; அதாவது அதை உருவாக்கிய மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. அதன் உரிமத்தில் வீட்டுக்கு ஒன்று, கடைக்கு ஒன்று என்ற பாகுபாடு இல்லை. நான்கு கம்ப்யூட்டரில் போட்டாலும் நாற்பதில் போட்டாலும், வியாபாரத்துக்கே பயன்படுத்தினாலும், யாருக்கும் எதுவும் கட்ட வேண்டியதில்லை. லிப்ரே ஆஃபீஸின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்கிக்கொள்ளுங்கள். தேடும்போது மேலே விளம்பரமாக வந்து நிற்கும் வேறு தளங்களைத் தொட வேண்டாம்.

உங்கள் செலவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மென்பொருளுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வரி விதிக்கப்படும் பொருளை விற்பவர் அந்த 18 சதவீதத்தை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்வார். அப்பளத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. அப்பளம் மட்டும் விற்கும் நீங்கள் கட்டிய வரியைத் திரும்ப எடுக்க வழியில்லை. முழுத்தொகையும் உங்கள் கைக்காசு. ஆகவே பக்கத்துக் கடைக்காரரை விட இந்தக் கேள்வி உங்களுக்கு முக்கியமானது.

ஆனாலும் நாளைக்கே சந்தாவை நிறுத்திவிடாதீர்கள். கம்ப்யூட்டரைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது, கோப்புகளைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பதை என்னிடம் வருகிற எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன். சென்ற மாதம் உங்கள் அலுவலகத்தில் உருவான கோப்புகளைத் திறந்து, ஒவ்வொன்றும் எங்கே போனது என்று கேளுங்கள். உளுந்து வரவு, கூலிப் பட்டியல், எந்தக் கடைக்கு எத்தனை பெட்டி போனது என்ற கணக்கு, இவையெல்லாம் வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை. அவற்றை எந்த மென்பொருளில் எழுதினாலும் ஒன்றுதான். விலைப்பட்டியல், கொட்டேஷன், வசூல் நினைவூட்டல் கடிதம் ஆகியவை வெளியே போகும், ஆனால் வாங்குபவர் படித்தால் போதும், திருத்த வேண்டியதில்லை. அவற்றை பி.டி.எஃப்.பாக அனுப்புங்கள். லிப்ரே ஆஃபீஸில் அதற்கென்று மேல்வரிசையிலேயே பொத்தான் இருக்கிறது. மூன்றாவது வகைதான் தொல்லை: நீங்கள் நிரப்பி அனுப்ப, அவர்கள் திருத்தித் திருப்பி அனுப்ப, மறுபடி நீங்கள் திருத்த என்று போய்வந்துகொண்டே இருக்கும் கோப்புகள். ஏற்றுமதியாளர் தரும் பேக்கிங் லிஸ்ட், பெரிய கடைகள் அனுப்பும் பொருள் விவரப் படிவம் போன்றவை. ஒவ்வொரு முறை கைமாறும்போதும் கட்டம் நகரும், பக்கம் உடையும், கடைசியில் யார் கெடுத்தது என்று சண்டை வரும்.

அந்த மூன்றாவது வகை யார் மேஜையில் இருக்கிறதோ அந்த ஒரு கம்ப்யூட்டரில் சந்தா தொடரட்டும். மற்ற மூன்றையும் மாற்றுங்கள். உங்கள் அளவுள்ள தொழிலில் பெரும்பாலும் ஒரு மேஜைதான் தேறும்.

நிறுத்துவதற்கு முன் இன்னொன்றையும் பாருங்கள். சந்தாவோடு சேர்த்து மின்னஞ்சலும் ஒன்டிரைவ் என்ற இணையச் சேமிப்பிடமும் வாங்கியிருக்கலாம். லிப்ரே ஆஃபீஸ் எழுதவும் கணக்குப் போடவும் தரும். மின்னஞ்சல் பெட்டி தராது. கம்பெனி முகவரிக்கு வரும் ஆர்டர்கள் அந்தச் சந்தாவில் ஓடினால், முதலில் அதற்கு மாற்று ஏற்பாடு செய்துவிட்டு, ஒன்டிரைவில் இருப்பதையெல்லாம் ஹார்ட் டிஸ்கில் இறக்கி வைத்துவிட்டு, அதன் பிறகு நிறுத்துங்கள்.

அரிசி ஆலை வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் வாங்கியபோது போட்டுக் கொடுத்த பையனே ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு 'ஆயுள் முழுவதும் ஓடும்' என்று எம்.எஸ். ஆஃபீஸ் போட்டுக் கொடுத்தான். நன்றாகத்தான் ஓடுகிறது. இதை விட்டு எதற்கு மாற வேண்டும்?
— ஒரு வாசகர், ஆலங்குளம்

அண்ணாச்சி, அது திருட்டுப் பிரதி. மென்மையாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. நாற்பது மூட்டை அரிசிக்குக் கணக்குச் சுத்தமாக எழுதுகிறவர்கள் இதில் மட்டும் கண்ணை மூடிக்கொள்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 63பி என்று ஒரு பிரிவு இருக்கிறது. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே மென்பொருளைப் பயன்படுத்துவது குற்றம். குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. 50,000 ரூபாயிலிருந்து 2 லட்சம் வரை அபராதம். லாபத்துக்கோ தொழிலுக்கோ பயன்படுத்தாதவருக்குச் சிறையைத் தவிர்க்க நீதிமன்றத்துக்கு இடம் கொடுத்திருக்கிறது சட்டம். ஆலையின் பில் போடுகிற கம்ப்யூட்டருக்கு அந்தச் சலுகை பொருந்தாது.

சட்டத்தை விட எனக்குப் பெரிய பயம் வேறு. ஆஃபீஸின் உரிமப் பூட்டை உடைக்கும் சிறு புரோகிராமை ஓட்டுவதற்கு முன் வைரஸ் தடுப்பை நிறுத்தச் சொல்வார்கள். உங்கள் பாங்க் பாஸ்வேர்டு, ஜி.எஸ்.டி. பாஸ்வேர்டு, நெல் வியாபாரிகளின் பாக்கி எல்லாம் இருக்கிற கம்ப்யூட்டரில், யார் எழுதியது என்றே தெரியாத ஒன்றைக் காவலை விலக்கி உள்ளே விடுகிறீர்கள். கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ் இப்படி நுழைந்து, ஓர் ஆண்டுக் கணக்கைப் பழைய பில் புத்தகங்களைப் பார்த்து மறுபடி தட்டிய கடையை எனக்குத் தெரியும்.

கோப்புகளை மட்டும் தனியே நகல் எடுத்துக்கொண்டு, விண்டோஸைப் புதிதாகப் போடச் சொல்லி, அதில் லிப்ரே ஆஃபீஸை ஏற்றுங்கள். லேப்டாப்போடு கூடவே வந்த ஆஃபீஸ் இருந்தால் அதையும் ஒரு முறை பாருங்கள். 'ஹோம் அண்ட் ஸ்டூடன்ட்' என்று இருந்தால் அது வீட்டுக்கும் படிப்புக்கும் உரியது; தொழிலுக்குப் பயன்படுத்த அதன் உரிமம் இடம் தருவதில்லை.

பாவூர்சத்திரத்தில் காய்கறி கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறேன். முதலாளி திடீரென்று எக்செல்லை எடுத்துவிட்டு லிப்ரே ஆஃபீஸ் போட்டுவிட்டார். எல்லாம் இடம் மாறிக் கிடக்கிறது. ஆடிட்டருக்கு அனுப்பினால் திறக்கவில்லை என்கிறார். பாங்குக்கு அனுப்பும் கோப்பைத் திறந்தால் ஏதேதோ கேள்வி கேட்கிறது. வேலையே வெறுத்துவிட்டது, அக்கா.
— ஒரு வாசகி, பாவூர்சத்திரம்

தங்கச்சி, உன் மேல் தவறு இல்லை. விடிவதற்கு முன் தக்காளி லாரி வந்து நிற்கும் கடையில், ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லாமல் எழுதுகோலை மாற்றியது முதலாளியின் தவறு. இந்தப் பதிலை அவரிடமும் காட்டு. மாற்றியதில் மிச்சமாகும் பணத்தில் உனக்கு இரண்டு நாள் பயிற்சிக்கு அவர் செலவு செய்வதுதான் நியாயம். அதுவரை சிலவற்றை நானே சொல்லித் தருகிறேன்.

முதலில் ஆடிட்டர் பிரச்சினை. லிப்ரே ஆஃபீஸ் தன் வழக்கப்படி ஓ.டி.எஸ். என்ற வடிவத்தில் சேமிக்கிறது. அது 2006-இல் சர்வதேசத் தர அமைப்பு ஏற்றுக்கொண்ட நல்ல வடிவம்தான். ஆனால் ஆடிட்டர் அலுவலகத்தில் பழக்கமில்லை. 'டூல்ஸ்' மெனுவில் 'ஆப்ஷன்ஸ்', அதில் 'லோட்/சேவ்', அதற்குள் 'ஜெனரல்' என்று போ. கீழே 'ஆல்வேஸ் சேவ் ஆஸ்' என்ற இடத்தில் ஸ்ப்ரெட்ஷீட்டுக்கு எக்செல் வடிவத்தைத் தேர்ந்தெடு. ஒரு முறை செய்தால் போதும். அதன் பிறகு புதிதாகத் தொடங்கும் கோப்புகள் எக்செல் வடிவத்திலேயே சேமிக்கப்படும்.

எக்செல் போல மேலே பட்டையாகப் பொத்தான்கள் வேண்டும் என்றால், 'வியூ' மெனுவில் 'யூசர் இன்டர்ஃபேஸ்' என்று இருக்கிறது. அதில் 'டேப்டு' என்பதைத் தேர்ந்தெடு. பாதித் தவிப்பு அதிலேயே அடங்கிவிடும். கட்டத்தில் இருப்பதை அழிக்க பேக்ஸ்பேஸ் தட்டினால் 'எதை அழிக்க வேண்டும், எண்ணையா, தேதியையா, ஃபார்முலாவையா' என்று ஒரு பெட்டி வருகிறது அல்லவா? டெலிட் பொத்தானைத் தட்டு, கேட்காமல் அழிக்கும். தொகைக்கு நடுவே லட்சக் கமா விழவில்லை என்றால், செல் வடிவமைப்பில் மொழியை 'இங்கிலிஷ் (இந்தியா)' என்று வை. 12,45,300 என்று நம் கணக்குப் புத்தகத்தில் எழுதுவது போலவே வரும்.

இப்போது பாங்க் கோப்பு. நீ வெறுக்கிற அந்தக் கேள்விப் பெட்டிதான் உன்னைக் காப்பாற்றப் போகிறது. விவசாயிகளின் கணக்கு எண்களோடு பாங்குக்கு அனுப்பும் சி.எஸ்.வி. (கமாவால் பிரித்த பட்டியல்) கோப்பை எக்செல்லில் இரட்டைக் கிளிக் செய்து திறந்திருப்பாய். முதலில் பூஜ்யம் உள்ள எண்ணில் பூஜ்யம் காணாமல் போயிருக்கும். நீளமான எண் சுருங்கி, நடுவில் ஆங்கில 'இ' எழுத்து முளைத்திருக்கும். எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் துல்லியமாக வைத்துக்கொள்ளாது. 16 இலக்கக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். அப்படியே சேமித்தால் பூசணிக்காய்க்காரர் பணம் போக வேண்டிய கணக்குக்குப் போகாது. லிப்ரே ஆஃபீஸ் இந்தக் கோப்பைத் திறக்கும் முன்னாலேயே ஒரு பெட்டியைக் காட்டி, ஒவ்வொரு பத்தியையும் எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறது. கணக்கு எண் பத்தியின் தலையில் கிளிக் செய்து, மேலே 'காலம் டைப்' (பத்தி வகை) என்ற இடத்தில் 'டெக்ஸ்ட்' என்று மாற்று. ஐ.எஃப்.எஸ்.சி. பத்தியை அப்படியே விடலாம். மாற்றாமல் சரி சொல்லிவிட்டால் இங்கேயும் பூஜ்யம் போய்விடும், ஆகவே அவசரப்பட்டு என்டர் தட்டாதே. இந்த ஒரு காரணத்துக்காகவே என் அலுவலகத்தில் பாங்க் கோப்புகளை நாங்கள் இதில்தான் திறக்கிறோம்.

வள்ளியூரில் ஹார்டுவேர் கடை. டேலி கணக்கு மென்பொருளில் பில் போடுகிறோம். 'எக்செல் இல்லாமல் வரி வேலை நடக்காது' என்று என் ஆடிட்டர் ஒரே பிடியாக நிற்கிறார். உண்மையா?
— ஒரு வாசகர், வள்ளியூர்

அவருடைய மேஜையில் உண்மை. வருமான வரித் துறை தரும் எக்செல் படிவங்கள், ஜி.எஸ்.டி. ஆண்டுக் கணக்கான 9-ஆம் படிவத்தின் ஆஃப்லைன் கோப்பு போன்றவற்றுக்குள் மேக்ரோ எனப்படும் சிறு புரோகிராம்கள் இருக்கின்றன. அவை மைக்ரோசாஃப்ட் எக்செல்லை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. லிப்ரே ஆஃபீஸில் திறக்கும், ஆனால் சரிபார்க்கும் பொத்தானைத் தட்டும்போது கைவிட்டுவிடும். அந்தப் படிவங்களை இதில் முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம்.

உங்கள் மேஜையில் நிலைமை வேறு, அண்ணாச்சி. மாதாந்திர ஜி.எஸ்.டி. 3பி படிவத்தை இணையதளத்திலேயே நிரப்பலாம். விற்பனை விவரத்தை டேலியே அந்தத் தளத்தில் அப்படியே ஏற்றக்கூடிய ஜேசன் கோப்பாகக் கொடுத்துவிடும். வருமான வரித் துறையும் எக்செல் தேவைப்படாத தனி மென்பொருள் ஒன்றைத் தருகிறது. நீங்கள் எக்செல்லைத் தொடுவது வசூல் பாக்கிப் பட்டியலுக்கும் கொட்டேஷனுக்கும் மட்டும் என்றால், அதற்காகக் காசு கட்ட வேண்டியதில்லை. ஆடிட்டர் தன் செலவில் எக்செல் வைத்திருப்பார்.

அரசு உதவி பெறும் பள்ளியில் அலுவலக எழுத்தராக இருக்கிறேன். பழைய கடிதங்கள் சில பாமினியில், சில வானவில்லில் இருக்கின்றன. லிப்ரே ஆஃபீஸில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரிகிறது. தமிழுக்கு இது ஒத்துவராதா?
— ஒரு வாசகர், பாளையங்கோட்டை

தமிழுக்கு நன்றாகவே ஒத்துவரும், ஐயா. மெனுக்களையே தமிழில் வைத்துக்கொள்ளலாம். உங்கள் சிக்கலுக்கு லிப்ரே ஆஃபீஸ் காரணமில்லை. பாமினி போன்ற எழுத்துருக்களில் கம்ப்யூட்டர் சேமிப்பது ஆங்கில எழுத்தைத்தான். அந்த எழுத்துரு அதற்குத் தமிழ் உருவம் காட்டுகிறது. எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் எதில் திறந்தாலும் குப்பையாகத்தான் தெரியும். அதே எழுத்துருவைப் புதிய கம்ப்யூட்டரில் ஏற்றினால் பழைய கடிதங்கள் பழையபடி தெரியும்.

அத்தோடு நின்றுவிடாதீர்கள். 2010-இல் கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்திலேயே தமிழக அரசு, எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடை ஏற்று ஆணை பிறப்பித்துவிட்டது. இனி எழுதுவதை யூனிகோடில் எழுதுங்கள். தட்டச்சு முறைக்குத் தமிழ்99 போதும். பழையவற்றில் மறுபடி தேவைப்படும் மாதிரிக் கடிதங்களை மட்டும் எழுத்துரு மாற்றி வழியாக யூனிகோடுக்குக் கொண்டுவந்து, ஒருவர் உரக்கப் படிக்க இன்னொருவர் சரிபாருங்கள். ஒற்றும் கொம்பும் மாறும் இடங்கள் காதில்தான் அகப்படும். லிப்ரே ஆஃபீஸின் கடிதம் எழுதும் பகுதியான ரைட்டரில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் எழுத்துருவும் அளவும் தனித்தனியே வைக்க வேண்டும். ஒரே வரியில் தமிழ் சிறுத்தும் ஆங்கிலம் பெருத்தும் தெரிந்தால் 'கேரக்டர்' பெட்டியைத் திறந்து இரண்டையும் சரிசெய்யுங்கள்.

சங்கரன்கோவிலில் விசைத்தறி. பழைய கம்ப்யூட்டர், விண்டோஸ் 10. அதையும் தூக்கிவிட்டு லினக்ஸே போட்டுவிடலாமா?
— ஒரு வாசகர், சங்கரன்கோவில்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது; உங்கள் கவலை நியாயமானது, தம்பி. ஆனால் இரண்டு மாற்றத்தையும் ஒரே வாரத்தில் செய்யாதீர்கள். முதலில் விண்டோஸிலேயே லிப்ரே ஆஃபீஸ் போட்டு இரண்டு மூன்று மாதம் பழகுங்கள். பிறகு விண்டோஸுக்கு இலவச மாற்றான லினக்ஸின் வகைகளில் மின்ட்டோ உபுண்டுவோ பென் டிரைவில் ஏற்றி, ஹார்ட் டிஸ்கைத் தொடாமலே ஓட்டிப் பாருங்கள். பிரின்டரும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் வேலை செய்கின்றனவா என்று சோதியுங்கள். டேலி ஓடும் கம்ப்யூட்டரை மட்டும் விண்டோஸிலேயே விட்டுவிடுங்கள். டேலி விண்டோஸுக்காகச் செய்யப்பட்டது.

இலவசமாகக் கொடுப்பவர்கள் ஒரு நாள் கடையைச் சாத்திவிட்டால் என் கோப்புகள் என்ன ஆகும்? பழுது வந்தால் யாரைக் கூப்பிடுவது?
— ஒரு வாசகர், பேட்டை

கடை ஏற்கெனவே கைமாறித்தான் வந்திருக்கிறது. ஜெர்மனியில் ஸ்டார் ஆஃபீஸ் என்று தொடங்கியதை 1999-இல் சன் நிறுவனம் வாங்கியது. அடுத்த ஆண்டே மூல நிரலை வெளியிட, அது ஓப்பன் ஆஃபீஸ் ஆனது. 2010-இல் சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியபோது, எதிர்காலம் என்ன ஆகுமோ என்று அஞ்சிய நிரலாளர்கள் அதே ஆண்டு செப்டம்பரில் மூல நிரலோடு தனியே வந்து லிப்ரே ஆஃபீஸைத் தொடங்கினார்கள். முதலாளி மாறியும் பயன்படுத்தியவர்களின் கோப்பு எதுவும் வீணாகவில்லை. மூல நிரல் எல்லோர் கையிலும் இருப்பதன் பலன் அது.

தோல்வியையும் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி ஏறக்குறைய 15,000 கம்ப்யூட்டர்களை 2013-க்குள் லினக்ஸுக்கு மாற்றி, 2017-இல் மீண்டும் விண்டோஸுக்கே போக முடிவெடுத்தது. அதே நாட்டின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 30,000 அரசுக் கம்ப்யூட்டர்களை லிப்ரே ஆஃபீஸுக்கு மாற்றுவதாக 2024-இல் அறிவித்தது. அவர்கள் மாற்றுவதும் திரும்புவதும் மன்றம் கூடி முடிவு செய்யும் விஷயம். நீங்கள் ஒரு மேஜையில் தொடங்கி, பிடிக்காவிட்டால் மாலையே பழையதைத் திறந்துகொள்ளலாம்.

பழுதுக்கு ஆள் தேடி சென்னைக்குப் போக வேண்டாம். நம் மாநிலத்தின் பழைய பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் புத்தகத்தில் பாடமாக இருந்தது ஸ்டார் ஆஃபீஸ். 2018-இல் வந்த புதிய பிளஸ் ஒன் கம்ப்யூட்டர் பயன்பாடுகள் புத்தகத்தில் ஓப்பன் ஆஃபீஸ். இரண்டும் லிப்ரே ஆஃபீஸின் முன்னோர்தான். உங்கள் கடையிலோ தெருவிலோ அதைப் படித்துத் தேர்வு எழுதியவர் நிச்சயம் இருப்பார். பேட்டையில் யாரிடமாவது விசாரித்து, மாதம் ஒரு தொகை பேசி, ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் வந்து பார்க்கச் சொல்லுங்கள். கொடுக்கும் பணமும் நம் ஊரிலேயே இருக்கும்.